பழைய விமானங்கள் ஏன் அந்திவரை காத்திருக்கின்றன?

கேள்வி: ஆகஸ்டில் குடும்பத்தோடு லண்டனிலுள்ள அண்ணன் வீட்டுக்குப் போகிறோம். பத்து வயது மகனுக்குப் பழைய விமானங்கள் என்றால் உயிர். அதனால் விமான அருங்காட்சியகங்களை வைத்தே விடுமுறையைத் திட்டமிடுகிறோம். ஓல்டு வார்டன் என்ற ஊரில் நூறு வயது தாண்டிய விமானங்கள் இன்றும் பறக்கின்றனவாம். ஆனால் காட்சி நாளிலும் மிகப் பழையவை கடைசியில்தான் கிளம்பும், அதுவும் ‘வானிலை இடம் கொடுத்தால்’ என்கிறார்கள். கூட்டம் கலையாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடா? மாமியாரும் கூட வருவதால், காலையிலேயே பார்த்துவிட்டுத் திரும்ப வழியுண்டா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: நல்ல கேள்வி. இதற்கு விடை தெரிந்துவிட்டால் உங்கள் பயணத் திட்டத்தில் பாதி தானாகவே அமைந்துவிடும்.

முதலில் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். கூட்டத்தைப் பிடித்து வைப்பதற்காக அவற்றைக் கடைசியில் வைக்கவில்லை. ‘வானிலை’ என்றதும் நமக்கு மழைதான் நினைவுக்கு வரும். இந்த விமானங்களுக்கு மழையைவிடப் பெரிய எதிரி காற்று. பளிச்சென்று வெயில் அடிக்கும் நாளிலும், காற்று வீசினால் அவை கொட்டகையை விட்டு வெளியே வராமல் போகலாம்.

காரணத்தைப் படிப்படியாகப் பார்ப்போம். பெட்ஃபோர்டுஷயரில் ஓல்டு வார்டனில் இருப்பது ஷட்டில்வொர்த் தொகுப்பு. அங்குள்ள மிக மூத்த விமானம் 1909-ல் செய்யப்பட்ட பிளேரியோ. மரச்சட்டம், துணி, கம்பி, இவைதான் அதன் உடல். அதன் ஆன்சானி எஞ்சினின் திறன் 25 குதிரைத்திறன். இன்று சாலையில் ஓடும் பல மோட்டார் சைக்கிள்களின் எஞ்சின் இதைவிடச் சக்தி வாய்ந்தது. வேகம் மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர். தரையை விட்டு எழும்பத் தேவையான வேகத்துக்கும் அது எட்டக்கூடிய உச்ச வேகத்துக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. எதிர்க்காற்று திடீரென்று வலுத்தாலோ தணிந்தாலோ, இறக்கை மேல் பாயும் காற்றின் வேகமும் அதோடு சேர்ந்து மாறும். பெரிய விமானம் அதைப் பொருட்படுத்தாது. இதற்கோ ஈடுகொடுக்க மிச்சச் சக்தி கிடையாது.

அடுத்தது, விமானத்தைச் சரியாமல் நிறுத்தும் முறை. இன்றைய விமானங்களில் இறக்கையின் பின்விளிம்பில் ஏலிரான்கள் உண்டு. ஏறி இறங்கும் சிறு பலகைகள் அவை. பிளேரியோவில் அவை இல்லை. விமானி கம்பிகளை இழுத்து இறக்கையையே லேசாக முறுக்க வேண்டும். இறக்கை முறுக்கு என்ற இந்த முறை மெதுவாகத்தான் வேலை செய்யும். ஒரு பக்கத்திலிருந்து காற்று தூக்கினால், விமானி முறுக்கி முடிப்பதற்குள் விமானம் சாய்ந்துவிடும். அதனால்தான் ஓல்டு வார்டனில் இதை வட்டமடிக்க விடுவதில்லை. புல்தரைக்குச் சற்று மேலே நேர்கோட்டில் கொஞ்ச தூரம் பறக்கவிட்டு இறக்கிவிடுகிறார்கள்.

சரி, ஏன் மாலையில்? பகலில் வெயில் தரையைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே எழ, உயரத்தில் வேகமாக ஓடும் காற்று அந்த இடத்துக்கு இறங்கி வருகிறது. வெப்பச்சலனம் என்று வானிலை அறிக்கையில் கேட்போமே, அதுதான். தரையருகே காற்று விட்டுவிட்டு வீசுவதற்கு இது முக்கியக் காரணம். பொழுது சாயச் சாயத் தரை குளிரும். இந்த ஏற்ற இறக்கம் அடங்கும். பல நாட்களில் காற்றும் ஓய்ந்துவிடும். விடியற்காலையிலும் இதே அமைதி உண்டு. 1909 ஜூலை 25 அன்று லூயி பிளேரியோ இதே வகை விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது, கிளம்பிய நேரம் அதிகாலை 4.41. பார்வையாளர்களை அந்த நேரத்துக்கு வரச் சொல்ல முடியாதல்லவா? மிஞ்சுவது அந்திதான். ஆகவே காலையில் போனால் கொட்டகைக்குள் நிற்கும் பிளேரியோவைப் பார்க்கலாம். பறப்பதைப் பார்க்க மாலைவரை இருந்தே ஆக வேண்டும்.

இனி திட்டம். விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே ஓல்டு வார்டனின் காட்சித் தேதிகளைப் பாருங்கள். ‘மாலைக் காட்சி’ என்று போட்டிருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். ஆகஸ்டில் பெரும்பாலான நாட்களில் அங்கே சூரியன் மறைய இரவு எட்டு மணி தாண்டும்; பிற்பகலில் போய்ச் சேர்ந்தால் போதும், மாமியாருக்கும் அலுப்பு இருக்காது. லண்டனிலிருந்து பிக்கிள்ஸ்வேடு வரை ரயில், அங்கிருந்து டாக்ஸி. திரும்பும் டாக்ஸிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கோடையானாலும் மாலையில் குளிரும் என்பதால் சால்வையும் மடக்கு நாற்காலியும் அவசியம். பக்கத்திலேயே சுவிஸ் தோட்டம் என்ற பழைய பூங்கா இருக்கிறது. எஞ்சின் சத்தம் பிடிக்காதவர்கள் அங்கே போய் உட்காரலாம்.

கூரைக்குக் கீழே இருக்கும் அருங்காட்சியகங்களுக்குத் தேதி குறிக்க வேண்டாம். மழையும் காற்றுமாக இருக்கும் நாட்களுக்கு அவற்றை ஒதுக்குங்கள். ஹெண்டனில் உள்ள அரச விமானப்படை அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் கிடையாது. பாதாள ரயிலில் காலின்டேல் நிலையத்தில் இறங்கி நடந்து போகலாம். இரண்டாம் உலகப் போரில் 137 முறை தாக்குதலுக்குப் போய்த் திரும்பிய லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் அங்கே நிற்கிறது. ‘இது ஏன் பறப்பதில்லை, கெட்டுப்போய்விட்டதா?’ என்று மகன் கேட்பான். இல்லை. பறக்க வைக்க வேண்டுமானால் தேய்ந்த பாகங்களையெல்லாம் மாற்ற வேண்டும். போரில் பறந்த அதே உலோகத்தைக் காப்பது ஓர் அருங்காட்சியகத்தின் கடமை, பறக்கும் கலையைக் காப்பது இன்னொன்றின் கடமை. இரண்டையும் பார்த்தால்தான் அவனுக்கு இந்த வித்தியாசம் புரியும்.

கேம்பிரிட்ஜ் அருகிலுள்ள டக்ஸ்ஃபோர்டில் இரண்டுமே உண்டு. அங்கே சோதனைக்காகப் பறந்த கான்கார்டுக்குள் ஏறிப் பார்க்கலாம். கோடையில் வானம் தெளிவாக இருந்தால், காட்சி இல்லாத நாளிலும் ஸ்பிட்ஃபயர் மேலெழும்புவதைப் பார்க்க வாய்ப்புண்டு. ஆனால் அதற்கு ஒரு முழு நாள் வேண்டும். இதையும் ஓல்டு வார்டனையும் அடுத்தடுத்த நாட்களில் வைக்காதீர்கள், பெரியவர்கள் களைத்துவிடுவார்கள்.

ஓல்டு வார்டனில் உங்கள் மகன் கவனிக்க இன்னொன்றும் இருக்கிறது. 1912-ல் செய்த பிளாக்பர்ன் விமானத்தில் இருப்பது சுழல் எஞ்சின். உருளைகள் உட்பட எஞ்சின் முழுவதும் விசிறியோடு சேர்ந்து சுற்றும். அதற்கு ஊற்றுவது விளக்கெண்ணெய்! எரிபொருள் கலவை இந்த எஞ்சினின் உள்ளே புகுந்துதான் போகிறது. மற்ற எண்ணெய்கள் பெட்ரோலில் கரைந்து நீர்த்துவிடும், விளக்கெண்ணெய் எளிதில் கரையாது. அந்தப் புகையின் வாசனையை நம் வீட்டுப் பெரியவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கடைசியாக ஒன்று. அன்று மாலை காற்று ஓயாமல் போகலாம். பிளேரியோ பறக்காமலும் போகலாம். இதைப் புறப்படும்போதே மகனிடம் சொல்லிவிடுங்கள். நூறு வயது தாண்டியும் அது இன்னும் பறக்கிறதென்றால், சரியில்லாத காற்றில் பறக்க மாட்டோம் என்று துணிந்து சொல்லும் விமானிகள் அதற்கு வாய்த்திருப்பதும் ஒரு காரணம். ஓல்டு வார்டன் நாளைப் பயணத்தின் முதல் வாரத்திலேயே வையுங்கள். அன்று ஏமாற்றமானாலும் ஹெண்டனும் டக்ஸ்ஃபோர்டும் மீதமிருக்கும். இரண்டாவது காட்சி ஏதாவது இருந்தால் இன்னொரு முறையும் போய்ப் பார்க்கலாம்.