மழைநீர்க் கால்வாய் மீனை உண்ணலாமா?

வடகிழக்குப் பருவமழை வலுக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரங்களில் கால்வாய் ஓரங்களில் தூண்டிலும் வீச்சு வலையுமாக ஆட்கள் நிற்பதைக் காணலாம். புழல் ஏரியின் உபரிநீர் மணலி, சடையன்குப்பம் வழியாக எண்ணூர் கழிமுகம் நோக்கி ஓடும்போது ஏரி மீன்களும் உடன் இறங்குகின்றன. காசில்லாமல் கிடைக்கும் மீன் ஏழைக் குடும்பத்துக்குப் பெரும் உதவிதான். எனினும் அதன் நன்மை தீமைகளை அறிந்த பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும்.

உயிரோடு துள்ளுவது நற்சான்று அல்ல

நீர் கெட்டிருந்தால் மீன் செத்திருக்காதா என்று பலர் கேட்பதுண்டு. இது தவறான கணக்கு. கால்வாய்களில் அதிகம் அகப்படுபவை ஜிலேபி, கெளுத்தி, விரால் ஆகியவை. கெளுத்தியும் விராலும் நீருக்கு மேல் தலைநீட்டி நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு உடையவை. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி, பிராணவாயு மிகக் குறைந்த நீரிலும் தாக்குப்பிடிக்கும். மற்ற மீன்கள் மடிந்த இடத்தில் இவை வாழ்கின்றன என்பதே அந்நீர் கெட்டுவிட்டதன் அடையாளம்.

கால்வாயில் கலப்பவை

பெயர் மழைநீர்க் கால்வாய் என்றாலும், அதில் வீட்டுச் சாக்கடை, பட்டறை எண்ணெய், சாயம், சாலைக் கசடு, ஆலைக் கழிவு ஆகியவை கலக்கின்றன. வடசென்னையில் இவற்றின் பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயை அடைகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய்க் கழிவு வெள்ளநீரோடு இக்கால்வாய் வழியே எண்ணூர் கழிமுகத்தில் புகுந்து, படகுகளிலும் வலைகளிலும் படிந்தது. மீனவர்கள் பல நாட்கள் தொழில் இழந்தனர். அனல் மின்நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்ததும் இப்பகுதியினர் அறிந்ததே.

மீன் உடலில் சேரும் விதம்

கழிவினால் வரும் கேடு இரு வகைப்படும். முதலாவது, நோய்க் கிருமிகள். இவை மீனின் குடல், செவுள், தோலில் தங்கி வயிற்றுப்போக்கு, குடற்காய்ச்சல் போன்றவற்றை உண்டாக்கும். இரண்டாவது, ஈயம், காட்மியம், பாதரசம் போன்ற உலோகங்கள். ஈயம் பெரும்பாலும் எலும்பிலும் செவுளிலும், காட்மியம் ஈரலிலும் சிறுநீரகத்திலும் சேரும். பாதரசம் தசையிலேயே தங்கிவிடும். ஒரு கிலோ மீன் தசையில் 0.3 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்பது உலக உணவுத் தர அளவு. கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ இதை அறிய இயலாது.

ஜப்பானில் மினமாட்டா வளைகுடாவில் ஆலைக் கழிவிலிருந்த பாதரசம் மீன் வழியாக மக்களின் நரம்பு மண்டலத்தைத் தாக்கியது. 1956-இல் அந்நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. தாய்க்கு நோய்க்குறி அதிகம் தெரியாத நிலையிலும் கருவிலிருந்த சிசு பாதிக்கப்பட்டது. எனவே கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளுமே முதலில் காக்கப்பட வேண்டியவர்கள்.

சமைத்தால் தீருமா?

நன்கு கொதித்தால் கிருமிகள் மடியும், உலோகம் அழியாது. புளியும் மஞ்சளும் சேர்ப்பதால் நஞ்சு முறியாது. மீனை இரண்டு நாள் நல்ல நீரில் விட்டுவைத்தால் குடல் காலியாகும், சேற்று வாடை குறையும். தசையில் ஊறிய உலோகம் வெளியேறாது. கருவாடாக்கினால் தண்ணீர் வற்றி, மிஞ்சும் எடையில் உலோகத்தின் செறிவு மூன்று நான்கு மடங்கு ஏறும். நீரை வடிகட்டி உண்ணும் ஆளி, மட்டி வகைகள் கிருமி, எண்ணெய், உலோகம் மூன்றையும் சேர்த்துக்கொள்வதால் இன்னும் ஆபத்தானவை.

கொல்கத்தாவில் கழிவுநீரில் மீன் வளர்க்கவில்லையா என்ற கேள்வி எழலாம். அந்நகரின் கிழக்கே சதுப்பு நிலங்களில் கழிவுநீரை ஆழமற்ற குளங்களில் தேக்கி, வெயிலும் பாசியும் அதைத் தெளிவிக்க விட்ட பிறகே மீன் விடுகின்றனர். மீன்குளத்து நீரில் 100 மில்லி லிட்டருக்கு 1000-க்கு மேல் மலக்கிருமிகள் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1989-இல் வரையறுத்தது. நேரே ஓடும் கால்வாயில் இத்தகைய தெளிவித்தலும் இல்லை, கண்காணிப்பும் இல்லை.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. தொழிற்பகுதிக் கால்வாய்களிலும் அவை கழிமுகத்தில் சேரும் இடங்களிலும் பிடித்த மீன், நண்டு, ஆளி ஆகியவற்றை உண்ணாதிருத்தல் நலம்.

2. எண்ணெய்ப் படலம், மண்ணெண்ணெய் வாடை, உடலில் புண், வளைந்த முதுகு காணும் மீனை எங்கு பிடித்தாலும் ஒதுக்கவும். இவை இல்லாததால் மட்டும் மீன் நல்லது என்று கொள்ளக் கூடாது.

3. அத்தகைய மீனைக் கோழிக்கும் வாத்துக்கும் போட வேண்டாம். நஞ்சு முட்டை வழியாக வீட்டுக்கே திரும்பும்.

4. கால்வாய் மீனைப் பண்ணைக் குட்டையில் இருப்பு விடக் கூடாது. நோய் பரவும், ஆப்பிரிக்கக் கெளுத்தி புகுந்தால் மற்ற குஞ்சுகளைத் தின்று தீர்க்கும்.

5. குறைந்த விலையில் சத்து வேண்டுவோர் காசிமேட்டில் இறங்கும் மத்தி, நெத்திலி, காரப்பொடி வாங்கலாம். குறுகிய ஆயுளுடைய இச்சிறு மீன்களில் பாதரசம் பெரிய மீன்களைவிடக் குறைவு.

கால்வாய் மீனைப் பற்றிய எச்சரிக்கையை ஆழ்கடல் மீனுக்கும் நீட்டி, காசிமேட்டு மீனையே ஒதுக்குவது நியாயமன்று. அதே வேளையில், கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைப்போருக்கு 'உண்ணாதீர்' என்ற சொல் மட்டும் போதாது. கழிவைத் தோன்றும் இடத்திலேயே சுத்திகரித்து விடுவதும், நீரையும் மீனையும் குறித்த காலத்தில் பரிசோதித்து முடிவை ஊராருக்குத் தமிழில் அறிவிப்பதும் அவர்களுக்குச் சேர வேண்டிய உரிமை. குட்டையில் தூய முறையில் மீன் வளர்க்க விரும்புவோர் பொன்னேரி மீன்வளக் கல்லூரியை அணுகி ஆலோசனை பெறலாம்.