நடக்க மாட்டாத கோழிக்குஞ்சு

முட்டையிலிருந்து வெளிவந்த கோழிக்குஞ்சு சில மணி நேரத்திலேயே எழுந்து நடக்கத் தொடங்கிவிடும். மற்றக் குஞ்சுகள் ஓடியாடும்போது, ஒன்று மட்டும் இரு கால்களையும் பக்கவாட்டில் பரப்பி, வயிறு தரையில் பட, நீந்துவதுபோல் தவிப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். "இது பிழைக்காது" என்று பெரியவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். அப்படி ஒதுக்கப்படும் குஞ்சு பெரும்பாலும் கால் கோளாறினால் சாவதில்லை. தீவனத்துக்கும் தண்ணீருக்கும் போய்ச்சேர முடியாமல் பட்டினியால் சாகிறது.

முதலில் தரையைப் பாருங்கள். அட்டைப்பெட்டியில் செய்தித்தாள் விரித்துக் குஞ்சு விடுவது பலருடைய வழக்கம். தாள் வழுக்கும். பிறந்த குஞ்சின் தசைகளும் மூட்டு நார்களும் இளசானவை. அடிக்கு அடி கால் வெளிப்பக்கம் சறுக்கினால், தொடைகளை உட்பக்கம் இழுத்துப் பிடிக்கும் தசைகள் வலுப்பெறுவதில்லை. பல்லடம், உடுமலைப் பக்கத்துப் பண்ணைகளில் தென்னை நார்க்கழிவைப் பரப்பி 'ஆழ்கூளம்' அமைக்கிறார்களே, அது எச்சத்தின் ஈரத்தை உறிஞ்சுவதோடு குஞ்சின் நகங்களுக்குப் பிடிமானமும் தருகிறது.

இத்தகைய குஞ்சுக்கு மெல்லிய துணிப்பட்டை ஒன்று போதும். விரல்களுக்கு மேலே, செதில் மூடிய பகுதியில், இரு கால்களையும் 8 வடிவில் தளர்வாகச் சேர்த்துக் கட்டுங்கள். நல்ல குஞ்சு நிற்கும்போது கால்களுக்கிடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ, ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர், அதையே விடுங்கள். நூலும் ரப்பர் வளையமும் வேண்டாம். இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும். முரட்டுத் துண்டின் மேல் நிற்க விட்டு, தீவனத்தையும் ஆழமற்ற தட்டில் தண்ணீரையும் அலகுக்கு எட்டும்படி வையுங்கள். நாள்தோறும் கட்டை அவிழ்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு முதல் நான்கு நாட்களில் பலன் தெரியும். ஆனால் பொரித்த ஓரிரு நாட்களுக்குள் தொடங்க வேண்டும். ஒரு வாரம் கடந்தால் பெரும்பாலும் பலிப்பதில்லை.

எல்லா நொண்டிக்கும் கட்டுதான் மருந்து என்று எண்ணிவிடாதீர்கள். நன்றாக நடந்துகொண்டிருந்த குஞ்சு, இரண்டாம் வாரத்தில் விரல்களை உட்பக்கமாகச் சுருட்டிக்கொண்டு, காலின் நடுமூட்டை ஊன்றி நகர்ந்தால், அது பி2 வைட்டமின் குறைவு. இதற்கு ரிபோஃபிளேவின் என்று பெயர். இது குறைந்தால் காலுக்குச் செல்லும் நரம்பின் மேலுறை சிதைகிறது. வெறும் நொய்யையும் சோளத்தையும் போட்டுப் பெட்டிக்குள் வளர்க்கும் குஞ்சுக்கு இது வர வாய்ப்புண்டு. தாயுடன் திரியும் சிறுவிடைக் குஞ்சோ குப்பைமேட்டைக் கிளறிக் கரையானும் பூச்சியும் பசுந்தழையும் தின்கிறது!

உணவுக் குறை நரம்பைத் தாக்கும் என்பதை விஞ்ஞானிகளுக்கு உணர்த்தியதும் கோழிதான். 1890-களில் ஜாவாத் தீவின் பட்டேவியாவில், மருத்துவமனையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்ற கோழிகள் தள்ளாடி விழுந்தன. தவிடு நீக்காத அரிசி கொடுத்ததும் தேறின. இதைக் கவனித்த டச்சு மருத்துவர் எய்க்மான் 1929-இல் நோபல் பரிசு பெற்றார். அங்கே குறைந்திருந்தது பி1. மனிதரைத் தாக்கும் பெரிபெரி நோய்க்கும் அக்குறையே காரணம். நம் கோவைக்கு அருகே, குன்னூர் பாஸ்டியர் நிலையத்தின் ஓர் அறையில் 1918-இல் மக்காரிசன் தொடங்கியதும் பெரிபெரி ஆராய்ச்சிதான். அதுவே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குச் சென்றது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான்.

விரல் சுருண்ட குஞ்சுக்குச் சத்துச் சேர்த்த குஞ்சுத் தீவனமும், கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் பி வைட்டமின் மருந்தும் கொடுங்கள். வெளிச்சம் ரிபோஃபிளேவினை அழித்துவிடும். ஆகவே மருந்து கலந்த தண்ணீரை வெயிலில் வைக்காமல் தினமும் புதிதாகக் கலக்குங்கள். நரம்பு முற்றிலும் கெடுவதற்கு முன் கொடுத்தால் குஞ்சு தேறிவிடும்.

நடுமூட்டு வீங்கிக் கால் ஒருபுறம் திருகிக்கொண்டால், தசைநாண் தன் பள்ளத்திலிருந்து நழுவியிருக்கும். மாங்கனீஸ் குறைவு இதற்கு ஒரு காரணம். இழுத்துச் சரிசெய்ய முயலாதீர்கள், வலிதான் மிஞ்சும். வளர்ந்த குஞ்சு ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னும் நீட்டிப் படுத்துக்கொண்டால் மாரெக் நோயாக இருக்கலாம். ஹங்கேரிய கால்நடை மருத்துவர் மாரெக் 1907-இல் விவரித்த இந்நோய் ஒரு வைரசால் வருகிறது. வந்தபின் மருந்தில்லை, ஆகையால்தான் பொரிப்பகங்களில் முதல் நாளே தடுப்பூசி போடுகிறார்கள். சந்தையில் குஞ்சு வாங்கும்போது அது போடப்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள்.