சாமைக்கு ஏன் வீரிய ஒட்டு வரவில்லை?

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் சரிவு நிலம் இருக்கிறது. சாமை, கேழ்வரகு, ஓரத்தில் மக்காச்சோளம் போடுகிறோம். வாழப்பாடி விதைக்கடையில் ஒரு மக்காச்சோள விதையைக் காட்டி, "இது மரபணு மார்க்கர் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஒட்டு" என்றார்கள். இது மரபணு மாற்றிய விதையா? அடுத்த போகத்துக்கு இதிலிருந்தே விதை எடுத்து வைக்கலாமா? கம்பு, சோளம் எல்லாவற்றுக்கும் ஒட்டு வந்துவிட்டதே, எங்கள் சாமைக்கு மட்டும் ஏன் வரவில்லை?

பதில்: மார்க்கர் பார்த்துத் தேர்ந்தெடுப்பதாலேயே ஒரு விதை மரபணு மாற்றிய விதை ஆகிவிடாது. நம் நாட்டில் விவசாயி கடையில் வாங்கி விதைக்க வந்திருக்கும் மரபணு மாற்றுப் பயிர், 2002-இல் அனுமதி பெற்ற பருத்தி மட்டும்தான். மார்க்கர் ஓர் அடையாளம். மந்தையில் ஆட்டின் காதை வெட்டிக் குறி வைக்கிறோம். குறியைப் பார்த்து யார் ஆடு என்று தெரிந்துகொள்கிறோம், குறியால் ஆட்டின் குணம் மாறுவதில்லை. பயிரில் அந்தக் குறியை யாரும் வெட்டுவதில்லை, டிஎன்ஏவில் அது ஏற்கெனவே இருக்கிறது. நமக்கு வேண்டிய மரபணுவை ஒட்டியே இருப்பதால் பெரும்பாலும் அதோடு சேர்ந்தே பிள்ளைச் செடிக்கும் போகிறது.

பார்க்கும் விதம் எளிது. இளம் நாற்றின் இலை நுனியைக் கிள்ளி அரைத்து டிஎன்ஏவைப் பிரிக்கிறார்கள். குறி உள்ள துண்டை மட்டும் பிசிஆர் கருவியில் பெருக்கி ஜெல்லில் ஓடவிட்டால் கோடுகளாகத் தெரியும். தாய்க்கு ஓரிடத்தில், தகப்பனுக்கு வேறோரிடத்தில். இரண்டு கோடும் ஒரே நாற்றில் தெரிந்தால் அது அசல் ஒட்டு. தாயின் கோடு மட்டும் என்றால் தாய்ச்செடி தன் மகரந்தத்திலேயே பிடித்த விதை, ஒட்டு விதையில் கலந்துவிட்டது. முன்பெல்லாம் இந்தக் கலப்பைக் கண்டுபிடிக்க விதையை வயலில் விதைத்துப் பூக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு போகமே போய்விடும்.

ஒட்டு ரகத்தில் மார்க்கரின் அருமை தெரிய கம்பின் கதையைத்தான் சொல்ல வேண்டும். கம்பில் சூல்முடி முதலில் வெளியே வரும், மகரந்தப்பை சில நாள் கழித்து வரும். இயற்கையாகவே அடுத்த செடியின் மகரந்தத்தை ஏற்கும் பயிர். மகரந்தமே உண்டாகாத ஆண் மலட்டு வரிசை அமெரிக்காவில் கிடைத்ததும் ஒட்டு விதையை மூட்டை மூட்டையாக எடுக்க வழி பிறந்தது. 1965-இல் பஞ்சாபில் எச்பி 1 வந்தது. ஆனால் அப்போது வந்த ஒட்டுகளுக்கெல்லாம் அந்த ஒரே வரிசைதான் தாய். எழுபதுகளின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் பரவியபோது கதிரே இலையாக மாறி, பச்சைக் கதிராய் நின்றது. ஒரே தாயை நம்பினால் இதுதான் நடக்கும்.

1990-இல் ஹரியானா வேளாண் பல்கலைக்கழகம் எச்எச்பி 67 என்ற கம்பு ஒட்டை வெளியிட்டது. ஏறத்தாழ 65 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். மழை எப்போது நிற்குமோ என்று பயப்படும் ராஜஸ்தான், ஹரியானா மானாவாரி விவசாயிக்கு அதைவிட நல்ல விதை அப்போது இல்லை. சில ஆண்டுகளில் அதற்கும் அடிச்சாம்பல் வரத் தொடங்கியது. விவசாயிக்கு வேறு ரகம் வேண்டாம், அதே ரகம் நோயில்லாமல் வேண்டும். ஹைதராபாத் அருகே படான்சேருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனமும் ஹரியானா பல்கலைக்கழகமும் அதைச் செய்து கொடுத்தன. நோய் தாங்கும் வேறொரு கம்பைத் தகப்பன் வரிசையோடு ஒட்டி, பிள்ளைகளை மீண்டும் மீண்டும் அதே தகப்பனோடு சேர்த்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் மார்க்கரைப் பார்த்து, நோய் தாங்கும் பகுதி உள்ள நாற்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள். தாய் வரிசையை வழக்கமான முறையிலேயே திருத்தினார்கள். 2005-இல் 'எச்எச்பி 67 மேம்படுத்தியது' வெளிவந்தது. மார்க்கர் துணையோடு பிறந்து நம் நாட்டு வயலுக்கு வந்த முதல் பயிர்களில் அது ஒன்று.

உங்கள் மக்காச்சோளத்துக்கு நெருக்கமான உதாரணம் இமயமலைச் சரிவில் இருக்கிறது. அல்மோராவின் விவேகானந்தா மலை வேளாண் ஆராய்ச்சி நிலையம் 2008-இல் கொடுத்த விவேக் கியூபிஎம் 9 என்ற மக்காச்சோள ஒட்டு அது. சாதாரண மக்காச்சோளத்தில் லைசின், டிரிப்டோபான் என்ற புரதக் கூறுகள் குறைவு. நாமக்கல் கோழித் தீவனத்தில் லைசினைத் தனியாகச் சேர்ப்பது இதனால்தான். ஓபேக்-2 என்ற மரபணு அந்தக் குறையைச் சரிசெய்யும், ஆனால் ஒடுங்கு குணம். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் உள்ளே ஒளிந்திருக்கும், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மார்க்கர் அதை நாற்றிலேயே காட்டிக்கொடுத்தது. இரண்டு பெற்றோர் வரிசைகளிலும் அதை ஏற்றிய பிறகே ஒட்டு செய்தார்கள். இப்படிப்பட்ட புரதத் தரம் உயர்ந்த விதை கிடைத்து நீங்கள் போட்டால், பக்கத்துத் தோட்டத்துச் சாதாரண மக்காச்சோளம் அதே நேரத்தில் பூக்காதபடி விதைப்பை முன்பின்னாக வையுங்கள். அந்த மகரந்தம் விழுந்த மணியில் தரம் குறைந்துவிடும்.

விளைச்சல், வறட்சி தாங்குதல் போன்றவற்றுக்கு மார்க்கர் இவ்வளவு தெளிவாக வழிகாட்டாது. அவற்றில் பல மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. "மார்க்கர் விதை" என்ற சொல்லை மட்டும் நம்பி அதிக விலை கொடுக்காதீர்கள். எந்தக் குணத்துக்காகப் பார்த்தார்கள் என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

ஒட்டு விதையிலிருந்து விதை எடுக்காதீர்கள். அடுத்த போகத்தில் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று முன்னே பூக்கும், ஒன்று பின்னே பூக்கும். முதல் போகத்து வீரியமும் இருக்காது.

இனி சாமை. உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். சாமைப் பூ காலையில் திறந்து, சில நிமிடங்களில் மூடிக்கொள்கிறது. அதற்குள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்கிறது. ஒட்டுச் சேர்க்க வேண்டுமானால் அந்தப் பொடிப்பூவைப் பிரித்து, உள்ளே உள்ள மகரந்தப்பைகளை ஊசி முனையால் எடுத்துவிட்டு, வேறு செடியின் மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும். ஒரு பூவுக்கு ஒரு மணி. ஏக்கர் கணக்கில் விதைக்க இப்படி யாராலும் விதை எடுத்துத் தர முடியாது. கேழ்வரகுக்கும் இதே சிக்கல்தான்.

அதற்காகச் சாமையை மார்க்கர் கைவிட வேண்டியதில்லை. கையால் ஒருமுறை ஒட்டி, பிள்ளைகளில் நல்லதைப் பொறுக்கிப் பொறுக்கி நிலைநிறுத்தினால் அது நிலையான ரகம்; ஆண்டுதோறும் நீங்களே விதை எடுக்கலாம். கர்நாடகத்தில் கேழ்வரகு விஞ்ஞானி லட்சுமணய்யா இந்தியக் கேழ்வரகையும் ஆப்பிரிக்கக் கேழ்வரகையும் இப்படிச் சேர்த்துத்தான் இன்டாஃப் ரகங்களைக் கொண்டுவந்தார், மார்க்கர் இல்லாத காலத்தில். இன்று மார்க்கர் இருக்கும்போது சாயாத தண்டு, உதிராத மணி, குலை நோய் தாங்கும் கேழ்வரகு ஆகியவற்றுக்கு வேலை வேகமாக நடக்க வேண்டும். நெல்லுக்கும் மக்காச்சோளத்துக்கும் செலவழித்ததில் ஒரு பங்குகூட சாமைக்குச் செலவழிக்கவில்லை என்பது என் மனக்குறை. விதை விற்பனையில் லாபம் இல்லாத பயிர் என்பதால் கம்பெனிகள் வராது. அரசு ஆராய்ச்சி நிலையங்கள்தான் செய்ய வேண்டும்.

அவர்களுக்கு வேண்டிய மூலப்பொருள் உங்கள் வீட்டுக் குதிரில் இருக்கிறது. சேர்வராயன் மலையின் பனியும் சரளை மண்ணும் பழகிய சாமையை ஆய்வகத்தில் செய்ய முடியாது. ஆகவே சாமை நிலத்தை மக்காச்சோளத்துக்கு விட்டுக்கொடுக்காதீர்கள். வயலின் நடுவில் சாயாமல் நின்று சீராக முற்றிய கதிர்களை அறுவடைக்கு முன்பே தனியாக எடுத்து, நன்றாக உலர்த்தி வையுங்கள். ஒரு படி விதையைத் திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் உள்ள சிறுதானிய மையத்துக்குக் கொடுங்கள். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டப்படி உங்கள் ஊர் ரகத்தை ஊரார் பெயரிலேயே பதிவு செய்யலாம். விதை கொடுப்பதற்கு முன் அந்த விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.