‘காலியாயிட்டு, அண்ணாச்சி!’

தூத்துக்குடியிலிருந்து ஓட்டப்பிடாரம் போகிற வழியில் புதியம்புத்தூர். ‘குட்டித் திருப்பூர்’ என்று பட்டப்பெயர். சுற்றிலும் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் விளைகிற கரிசல். ஊருக்குள் நுழைந்தால் தையல் மிஷின் சத்தம். பிள்ளைகளுக்கு ஃபிராக், பெண்களுக்கு நைட்டி, உள்பாவாடை, பையன்களுக்குச் சட்டை என்று ரெடிமேட் துணி இங்கே தைக்கப்பட்டு வெளியூர்க் கடைகளுக்குப் போகிறது. வானம் பார்த்த பூமியும் தீபாவளி பார்த்த தொழிலும் அடுத்தடுத்து இருக்கிற ஊர்.

இந்த மாதிரி ஊரில் போய் ‘டேட்டா அனாலிசிஸ்’ என்று பேச்செடுத்தால் இரண்டு விதமாகப் பதில் வரும். ஒன்று, அதெல்லாம் கம்ப்யூட்டர் படித்தவன் சமாச்சாரம். இன்னொன்று, முப்பது வருஷமாக யாவாரம் பார்க்கிறோம், எங்களுக்குத் தெரியாததா? முதல் பதில் தப்பு. இரண்டாவது பாதி சரி. அந்த மிச்சப் பாதியைப் பற்றித்தான் இந்த வாரம்.

நம்பிக்கை: டேட்டா எல்லாம் பெரிய கம்பெனிக்கு. நமக்கு நோட்டுப் புத்தகம் போதும்.

உண்மை: நோட்டுப் புத்தகம் போதும்தான். அதில் எதை எழுதுகிறோம் என்பதில்தான் கோளாறு. மொத்த வியாபாரியின் கடையில் தினமும் நடப்பதைப் பாருங்கள். வெளியூர்க் கடைக்காரர் வந்து, “22 சைஸ் ஃபிராக் இருக்கா?” என்று கேட்கிறார். “காலியாயிட்டு, அண்ணாச்சி! 26 கிடக்கு, பாக்கீயளா?” அவர் வேண்டாமென்று அடுத்த கடைக்குப் போகிறார். இந்தப் பேச்சு எந்த நோட்டிலும் ஏறாது. சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது 22 சைஸில் விற்பனை சைபர் என்று இருக்கும். அதைப் பார்த்து அடுத்த லாட்டில் 22ஐக் குறைத்து வெட்டச் சொல்லும் முதலாளியும் இருக்கிறார்.

இதே பிழை இரண்டாம் உலகப் போரில் விமானப் படைக்கு நேர இருந்தது. சண்டைக்குப் போய்த் திரும்பிய விமானங்களில் எங்கெங்கே துளை விழுந்திருக்கிறது என்று கணக்கு வைத்திருந்தார்கள். துளை அதிகம் இருக்கிற இடத்தில் கவசம் போடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் போர்க்காலப் புள்ளியியல் குழுவில் இருந்த ஆபிரகாம் வால்ட் வேறு மாதிரி யோசித்தார். இவை திரும்பி வந்தவை. என்ஜினில் அடிபட்டது திரும்பியே வரவில்லை. அதன் துளையை எண்ணியது யார்? ஆகவே, வந்த விமானங்களில் துளை குறைவாகத் தெரிகிற இடம்தான் ஆபத்தான இடம். (இதே வால்ட், இந்தியாவில் சொற்பொழிவாற்ற வந்திருந்தபோது 1950 டிசம்பரில் விமான விபத்தில் நம் நீலகிரி மலையில் மனைவியோடு இறந்துபோனார். விமானங்களைக் காக்கக் கணக்குப் போட்ட மனுஷனுக்கு அப்படி ஒரு முடிவு.)

கேட்டு இல்லையென்று திரும்பியவர்தான் திரும்பி வராத விமானம். பில்லில் தொகை இருக்கிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து எல்லாம் ஆடிட்டர் வழியாகத் தாக்கலும் ஆகிறது. ஆனால் எந்த சைஸ், எந்தக் கலர் என்பது பல பில்களில் கிடையாது. கேட்டுப் போனது எந்த பில்லிலும் கிடையாது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி ‘கேட்டது, இல்லை’ என்று தலைப்புப் போட்டு, தேதி, சைஸ், எத்தனை டஜன் என்று மூன்று கோடு கிழித்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தால் அதுதான் இந்த ஊருக்கு முதல் டேட்டா அனாலிசிஸ். நோட்டில் லட்சக்கணக்கில் வரிகள் சேர வேண்டியதும் இல்லை. டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட், ஒரு சில மாதிரிகளை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் நம்பி முடிவெடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டியது 1908இல். இன்றைக்கும் உலகம் முழுக்க அந்தக் கணக்கு பாடம்.

நம்பிக்கை: போன அக்டோபரைவிட இந்த அக்டோபர் வியாபாரம் கூடியிருக்கிறது. ஆகவே தொழில் வளர்கிறது.

உண்மை: தீபாவளி எந்தத் தேதி என்று முதலில் பாருங்கள். 2023இல் நவம்பர் 12. 2024இல் அக்டோபர் 31. 2025இல் அக்டோபர் 20. கடைசி இரண்டு வாரத்து எடுப்பு 2023இல் பெரும்பாலும் நவம்பர்க் கணக்கில் ஏறியது. 2024இல் முழுக்க அக்டோபரில் விழுந்தது. ஒரு பீஸ்கூடக் கூடுதலாக விற்காமலே 2024 அக்டோபர் அமோகமாகத் தெரியும், நவம்பர் படுத்துவிட்டதாகத் தெரியும். இந்த இரண்டையும் நம்பி ஒருவர் மிஷின் வாங்குவார், இன்னொருவர் ஆளைக் குறைப்பார்.

ஒப்பிட வேண்டியது தேதியை அல்ல, தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள் என்பதை. ‘60 நாள் இருக்கும்போது போன வருஷம் எத்தனை டஜன் போயிருந்தது, இந்த வருஷம் எத்தனை?’ இப்படிக் கேட்டால்தான் உப்புக்கு உப்பு, புளிக்குப் புளி. பழைய ஆட்கள் தமிழ் மாதத்தில் கணக்கு வைத்தார்கள். மேலே சொன்ன மூன்று தீபாவளியும் ஐப்பசியில்தான் வந்தன, ஆகவே அவர்கள் கணக்கு இவ்வளவு மோசமாக ஏமாற்றியிருக்காது. ஆனால் ஐப்பசி 3க்கும் 26க்கும் நடுவிலும் மூன்று வாரம் கிடக்கிறதே.

நம்பிக்கை: எத்தனை விற்கும் என்று சரியாகக் கணித்துவிட்டால் போதும்.

உண்மை: யாராலும் சரியாகக் கணிக்க முடியாது. கணிப்பு தப்பினால் எந்தப் பக்கம் அடி பலம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கணிதக்காரர்கள் இதற்குப் பேப்பர் விற்பவரின் கணக்கு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காலையில் கூடுதலாக எடுத்தால் சாயங்காலம் பழைய பேப்பர் விலை. குறைவாக எடுத்தால் வந்த ஆள் திரும்பிப் போவார்.

நம் ஊருக்கு மாற்றிப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். தீபாவளிக்கென்றே பளபளவென்று தைக்கிற ஃபிராக் ஒன்றுக்கு அடக்கம் 180 ரூபாய், விற்பது 240. விற்றால் 60 லாபம். தீபாவளி தாண்டிக் கிடந்தால் 100 ரூபாய்க்குத் தள்ள வேண்டும், 80 நஷ்டம். 60ஐ 140ஆல் (60ம் 80ம் சேர்ந்தது) வகுத்தால் ஏறத்தாழ 43 சதவீதம். என்ன அர்த்தம்? 100 தீபாவளி வந்தால் 57இல் சரக்குப் பற்றாமல் போகிற அளவுக்குத்தான் வெட்ட வேண்டும். ‘காலியாயிட்டு’ என்று சொல்லிச் சொல்லி அலுக்க வேண்டும், அதுதான் லாபம்! 800க்கும் 1,200க்கும் நடுவில் எதுவும் போகலாம், எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு என்று உங்கள் அனுபவம் சொன்னால், வெட்ட வேண்டியது 1,000 அல்ல, 970.

அதே பட்டறையில் வெள்ளை உள்பாவாடை. லாபம் 15 ரூபாய்தான். மிஞ்சினாலும் அடுத்த மாதம் போய்விடும்; முடங்கிய பணத்துக்கு வட்டி, எலி, தூசி எல்லாம் சேர்ந்து 5 ரூபாய் போகும். 15ஐ 20ஆல் வகுத்தால் 75 சதவீதம். அதே 800 முதல் 1,200 வரை என்கிற கணிப்புக்கு இங்கே 1,100 வெட்ட வேண்டும். லாபம் அதிகம் உள்ள சரக்கில் கையைச் சுருக்கு, லாபம் குறைந்த சரக்கில் கையை நீட்டு என்கிறது கணக்கு. பெரும்பாலும் நாம் செய்வது இதற்கு நேர் எதிர். ஃபிராக்கில் ஆசை, பாவாடையில் அலட்சியம்.

இதைக் கரிசல் சம்சாரிக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. புரட்டாசியில் மழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுகிறாரே, அது என்ன? மழை தாமதித்தால் விதை போகும். முறையாக இறங்கினால் முதல் ஈரத்திலேயே முளைத்துப் பயிர் முந்திக்கொள்ளும். போனால் போகிறது விதைக் காசு, வந்தால் வெள்ளாமை. மழை எந்தத் தேதியில் வரும் என்று அவர் கணிப்பதே இல்லை. கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் மானாவாரிக்குப் பரிந்துரைத்த முறைதான் இந்த முன்விதைப்பு. காட்டில் இவ்வளவு கெட்டிக்காரராக இருக்கிறவரின் மகன் தையல் பட்டறை போட்டதும் எல்லா லாட்டையும் ஆயிரம் ஆயிரமாக வெட்டுவது ஏன் என்று எனக்குப் புரிந்ததில்லை.

நம்பிக்கை: சராசரி தெரிந்தால் நிலவரம் தெரியும்.

உண்மை: 2023 டிசம்பர் 17, 18இல் இந்த மாவட்டத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி மாவட்டத்தின் ஆண்டுச் சராசரியே அதைவிடக் குறைவு. சராசரியை நம்பிக் கட்டிய வாய்க்கால் என்ன ஆகும் என்பதை ஊரே பார்த்தது. துணியிலும் அப்படித்தான்: சராசரி சைஸ் 22 என்பதற்காக எல்லாக் குழந்தைக்கும் 22 தைக்க முடியாது.

நம்பிக்கை: ஐந்து பத்து குறைத்துக் கொடுத்தாவது ஆர்டரைப் பிடி. எண்ணிக்கையில் எடுத்துக்கொள்ளலாம்.

உண்மை: 100 ரூபாய்ச் சரக்கில் 20 ரூபாய் லாபம் என்றால், 10 ரூபாய் குறைத்த மாத்திரத்தில் பழைய லாபத்தை எடுக்கவே இரண்டு மடங்கு விற்க வேண்டும். அதற்கு இரண்டு மடங்கு துணி, இரண்டு மடங்கு டெய்லர். அந்த முதல் எங்கிருந்து வரும்?

விலைச் சண்டையின் கதை இந்தத் தாலுகாவுக்குத் தெரிந்தது. ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. 1906இல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 25 ரூபாய்ப் பங்கு 40,000 என்று பத்து லட்சம் மூலதனம். தூத்துக்குடி-கொழும்பு வழியில் எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. அவர்கள் கட்டணத்தை 1 ரூபாய்க்கு இறக்கினார்கள். சுதேசி அரை ரூபாய்க்கு இறங்கியது. கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனி இலவசப் பயணமும் கையில் ஒரு குடையும் என்றது. 1908இல் வ.உ.சி. சிறைப்பட்டார், 1911இல் கம்பெனியைக் கலைத்தார்கள். கவிழ்ந்ததற்கு அரசின் அடக்குமுறை பெரும் காரணம், கட்டணம் மட்டும் அல்ல. என்றாலும் விலையைக் குறைத்து மோதுகிற சண்டையில் நல்ல சரக்கு ஜெயிக்காது, ஆழமான பைதான் ஜெயிக்கும். நம்மிடம் குடை கொடுக்கிற அளவுக்குப் பை இல்லை.

விலையை விட்டுக்கொடுக்காத முதலாளிகூடக் கெடுவை விட்டுக்கொடுத்துவிடுவார். ஒரு பார்ட்டி 250க்கு எடுத்து 90 நாளில் பணம் தருகிறார். இன்னொருவர் 240தான் தருவார், ஆனால் 15 நாளில். யார் நல்ல பார்ட்டி? அடக்கம் 200 ரூபாய், வட்டி மாதம் நூற்றுக்கு 2 என்று வையுங்கள். இடைப்பட்ட 75 நாளுக்கு, அதாவது இரண்டரை மாதத்துக்கு, வட்டியே 10 ரூபாய். கூடுதலாகக் கொடுத்த பத்தும் வட்டிக்கே போயிற்று. வராக்கடனாகப் போகிற பயம் இதற்கு மேல். ரொக்கப் பார்ட்டியின் பணம் அதற்குள் இன்னும் சில தடவை துணியாகித் திரும்பியிருக்கும். 250 என்று பில் போட்டவருக்குத்தான் கடையில் காபி வருகிறது.

கெடுவுக்குச் சட்டமும் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது; இல்லாவிட்டால் 15 நாள். வருமான வரிச் சட்டத்தில் பின்னர் வந்த திருத்தத்தால், இந்தக் கெடுவுக்குள் குறு, சிறு உற்பத்தியாளருக்குப் பணம் தராத வியாபாரி, அந்தக் கொள்முதலை உண்மையில் பணம் கொடுக்கிற ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். பட்டறைக்கு உத்யம் பதிவு இருந்தால்தான் இந்தப் பேச்சுக்கே பலம்.

நம்பிக்கை: ஒரு மிஷினும் சும்மா நிற்கக் கூடாது.

உண்மை: காஜா மிஷின் ஒரு நாளைக்கு 400 சட்டைதான் முடிக்கும் என்றால், 600 தைத்து என்ன செய்ய? காஜாவுக்கு முன்னால் மலைபோல் குவியும், முதல் முடங்கும், பீஸ் ரேட் கூலி மட்டும் சனிக்கிழமை தவறாமல் போகும். எது நெருக்கடியான இடமோ அந்த மிஷின் நிற்கக் கூடாது. மற்றவை நிற்கலாம்.

நம்பிக்கை: இனி எல்லாவற்றையும் ஏ.ஐ. பார்த்துக்கொள்ளும்.

உண்மை: நோட்டில் ஏறாத 22 சைஸ் அதற்கும் தெரியாது.

2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. 80 நாள் பின்னால் எண்ணினால் ஆகஸ்ட் 20, ஆவணி பிறந்த கையோடு. ‘கேட்டது, இல்லை’ நோட்டை அன்றைக்காவது கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள், பேனாவைக் கயிற்றில் கட்டி.