திருமணப் படம்: வெள்ளியும் சிலிக்கனும்

எங்கள் வீட்டுச் சுவரில் தாத்தா ஆயாவின் திருமணப் படம் மாட்டியிருக்கிறது. 1974இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். இன்றும் தெளிவாக உள்ளது. பக்கத்தில் என் பெற்றோரின் 1999ஆம் ஆண்டு வண்ணப் படம். அதில் அம்மாவின் பச்சைப் புடவை பழுப்பேறிவிட்டது. 2008இல் சித்தப்பா திருமணத்தை டிஜிட்டல் காமிராவில் அறுநூறு படங்களாக எடுத்துக் குறுந்தகட்டில் பதிந்து கொடுத்தார்கள். அவற்றுள் ஒன்றுகூட இன்று எங்களிடம் இல்லை.

சென்ற ஆண்டு தாத்தா காலமானபோது மாலை போட ஒரு நல்ல படம் தேடினோம். அந்தத் தகட்டில் அவர் மணமக்களை வாழ்த்தும் படம் இருந்தது அனைவருக்கும் நினைவிருந்தது. எந்தக் கணிப்பொறியிலும் தகடு திறக்கவில்லை. “சயின்ஸ் படிக்கிறவன் நீதானே, ஏன்னு சொல்லு” என்றார் அப்பா. அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

படச்சுருளில் ஜெலட்டின் பூச்சினுள் வெள்ளி புரோமைடுப் படிகங்கள் பரவியுள்ளன. ஒளி பட்டதும் எலெக்ட்ரான்கள் விடுபட்டுச் சில வெள்ளி அயனிகளை அணுக்களாக்குகின்றன. ஒரு படிகத்தில் நான்கைந்து அணுக்கள் சேர்ந்தால் போதும். டெவலப்பர் கரைசல் அப்படிகம் முழுவதையும் உலோக வெள்ளியாக்கிவிடும். எஞ்சிய படிகங்களை ஹைப்போ கரைத்து அகற்றும். கழுவும் வரை பிம்பம் கண்ணுக்குப் புலப்படாது. மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலாரின் ஊரான திருநின்றவூர்க்காரனுக்கு இதில் வியப்பென்ன!

ஆக, தாத்தா படத்தில் கறுப்பாகத் தெரிவது மெய்யான வெள்ளியே. வண்ணப் படத்திலோ கழுவும்போதே வெள்ளி நீக்கப்பட்டுச் சாயங்களே எஞ்சுகின்றன. சுவரில் ஒளி பட்டுக்கொண்டே இருந்தால் சாயம் வெளுக்கத்தானே செய்யும்?

இத்தகைய படச்சுருளையும் தாளையும் நம் மாநிலமே செய்தது என்பதை நண்பர்கள் பலர் அறியார். உதகையில் 1960இல் நிறுவப்பட்ட அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967 முதல் ‘இந்து’ என்ற பெயரில் உற்பத்தி செய்தது. தூசி குறைந்த மலைக்காற்று இத்தொழிலுக்கு ஏற்றது. 2014இல் ஆலையை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. உதகையில் இந்து நகர் என்ற பெயர் மட்டும் இருக்கிறது.

எங்கள் ஊர் ஸ்டூடியோப் பெரியவர் அந்த இந்துத் தாளில் படம் போட்டவர். ஒரு சுருளுக்கு 36 படம். ஆதலால் எண்ணித்தான் எடுப்பார். ஒருமுறை சுருள் பற்சக்கரத்தில் சரியாக மாட்டவில்லை. தாலி கட்டும் படம் ஒன்றுகூட விழவில்லை என்பது மறுநாள் இருட்டறையில்தான் தெரிந்தது. “பொண்ணு வீட்டுக்கு எப்படிப் போய்ச் சொல்றது தம்பி?” என்றார், இன்றும் அவர் குரல் தழுதழுக்கிறது. பழையதெல்லாம் பொன் என்பாரிடம் நான் இதைச் சொல்வதுண்டு. டிஜிட்டல் காமிராவில் அடுத்த நொடியே படத்தைப் பார்த்துவிடலாம்.

1975இல் கோடாக் நிறுவனத்தின் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் காமிராவுக்கு ஒரு படத்தைப் பதிய 23 விநாடிகள் ஆயின. இங்கும் ஒளி எலெக்ட்ரான்களையே விடுவிக்கிறது, ஆனால் சிலிக்கனில். ஒவ்வொரு புள்ளியிலும் சேர்ந்த மின்னூட்டத்தை அளந்து காமிரா எண்ணாக எழுதிக்கொள்கிறது. அளவுக்கு மேல் ஒளி விழுந்தால் அப்புள்ளி நிரம்பிவிடும். மாப்பிள்ளையின் வேட்டி மடிப்பே தெரியாத வெண்மையாவது இதனால்தான். நெகட்டிவ் அந்த மிகையைப் பெரிதும் பொறுத்துக்கொள்ளும்.

சரி, தகடு ஏன் திறக்கவில்லை? வீட்டில் எழுதப்படும் குறுந்தகட்டிலும் எண்கள் ஒரு சாயப் படலத்தில்தான் லேசரால் பதிகின்றன. எங்கள் தகடு பல கோடை வெயிலில் ஜன்னலோரம் கிடந்தது. புடவையின் சாயம் சிறுகச் சிறுக வெளுத்தாலும் அம்மாவை அடையாளம் காணலாம். தகடு சிறு பிழைகளைத் தானே திருத்திக்கொள்ளும். பிழை ஓர் எல்லையைத் தாண்டினால் படமே வராது. ஆனால் எண்களை எத்தனை முறை படியெடுத்தாலும் தேய்வதில்லை. ஒரே ஒரு பிரதியோடு விட்டதுதான் எங்கள் பிழை.

1999ஆம் ஆண்டு நெகட்டிவ்கள் ஆயாவின் தகரப் பெட்டி இருட்டில், காகித உறைக்குள் கிடந்தன. பெரியவர் ஒன்றை ஸ்கேன் செய்து, பந்தலோரம் நின்ற தாத்தாவின் முகத்தைப் பெரிதாக்கித் தந்தார். அதை மூன்று இடங்களில் படியெடுத்து வைத்துள்ளேன். மாலைக்குள் இருப்பவருக்கு ஐம்பது வயதுகூட இல்லை. அந்தத் தாத்தாவை நான் பார்த்ததே இல்லை. ஆயா மட்டும், “இப்படித்தான் இருந்தாரு” என்கிறாள்.