காப்பீடும் கட்டுப்பாடும்

தருமபுரி மாவட்டத்திலுள்ள மாரண்டஹள்ளி, தருமபுரிக்கும் ஓசூருக்கும் இடையே அமைந்த பேரூராகும். சுற்றுப்புறச் சிற்றூர்களில் விளையும் தக்காளி முதலியவற்றை ஏற்றிய ஊர்திகள் அப்பகுதிச் சாலைகளில் ஓடுகின்றன. நடந்து செல்லும் உழவரும் பள்ளிச் சிறாரும் அச்சாலைகளையே பயன்படுத்துகின்றனர். ஊர்தி நெறி தவறுமாயின், அத்துன்பம் ஓட்டுவோனோடு நில்லாது. வழிச் செல்வோரையும் தாக்கும்.

இது கருதியே, பிறர்க்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும் காப்பீடு ஒவ்வோர் ஊர்திக்கும் வேண்டும் என்று 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டளையிடுகிறது. காப்பீடு ஊர்ப்பொது ஏரியை ஒத்தது. பலர் செலுத்தும் சிறுதொகை ஒன்றுதிரண்டு, இடருற்றவர்க்குப் பயன்படுகிறது. ஆயின், ஒருவன் கரையை உடைத்துக்கொண்டேயிருப்பின், அதைச் செப்பனிடும் செலவை அனைவரும் ஒப்பச் சுமப்பது முறையாகுமா?

அமெரிக்க நாட்டின் பல மாநிலங்களில், மதுவருந்தி ஊர்தி ஓட்டித் தண்டனை பெற்றவன் பின்னர்ச் செலுத்த வேண்டிய காப்பீட்டுக் கட்டணம் பெரிதும் உயர்கிறது. இந்தியாவிலோ, பிறர் இழப்புக்கான கட்டணம் காரின் பொறித்திறனைக் கொண்டே அமைகிறது. 1000 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத தனியார் காருக்கு 2022 ஆம் ஆண்டில் ரூ. 2,094 என விதிக்கப்பட்டது. நிதானமாக ஓட்டுவோனுக்கும் விதி மீறுவோனுக்கும் தொகை ஒன்றே. குற்றத்திற்கேற்பப் புள்ளியிட்டுக் கட்டணத்தைக் கூட்டலாம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அமைத்த குழு 2021 இல் பரிந்துரைத்தது. மதுவருந்தி ஓட்டுதலுக்கு 100 புள்ளி, தகாவிடத்தில் நிறுத்துதலுக்கு 10 புள்ளி என்பன அத்திட்டத்தின் கூறுகளாம்.

எனினும், கட்டணம் உயராமையால் குற்றத்திற்கு விலையில்லை என்று எண்ணலாகாது. மதுவருந்தி ஓட்டினால், முதல் குற்றத்திற்கே ரூ. 10,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. அந்நிலையில் தன் காருக்கு நேர்ந்த சேதத்திற்கு ஈடு கோரின், காப்பீட்டுக் கழகம் மறுக்கும். ஐந்தாண்டுகள் ஈடு கோராதிருந்தவர்க்குத் தம் ஊர்திச் சேதக் கட்டணத்தில் நூற்றுக்கு 50 வரை சலுகை உண்டு. ஈடு பெற்றால் அதுவும் அற்றுப்போகும்.

இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. உரிமமில்லாதவன் கையில் ஒருவர் அறிந்தே காரை ஒப்படைக்கிறார். அது கூலித் தொழிலாளி ஒருவரை மோதிக் கொல்கிறது என்று கொள்வோம். இத்தகைய வழக்குகளில், இறந்தவர் குடும்பத்திற்குக் காப்பீட்டுக் கழகம் முதலில் தொகையைச் செலுத்துமாறும், பின்னர் உடைமையாளரிடமிருந்து அதை மீட்டுக்கொள்ளுமாறும் நீதிமன்றங்கள் ஆணையிடுவதுண்டு. 2004 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் சுவரன் சிங் வழக்கில் இந்நெறியை விளக்கியது. அவ்வுடைமையாளர் நிலத்தை விற்றும் கடனைத் தீர்க்க நேரலாம்.

ஆகவே, காப்பீடு வழிச்செல்வோர்க்கு அரணாகும். விதி மீறுவோர்க்கு மறைவிடம் ஆகாது. பணத்தால் குடும்பத்தின் பசியைத் தணிக்கலாம். மாண்டவரை மீட்டல் இயலாது. சாலையில் காட்டும் நிதானமே முதற் காப்பீடு என்பதை ஊர்தி ஓட்டுவோர் ஒவ்வொருவரும் உணர்தல் வேண்டும்.