முதலில் கால்களை எண்ணுவோம்

வயலில் ஊர்வன, பறப்பன யாவற்றையும் ‘பூச்சி’ என்ற ஒரே சொல்லால் குறிப்பது நம் வழக்கம். பேச்சளவில் இதனால் கேடில்லை. மருந்து வாங்கும் வேளையில் இவ்வழக்கம் பணத்தையும் பயிரையும் ஒருங்கே விழுங்கிவிடுகிறது. ஆகவே, சிற்றுயிர்களை இனம் பிரிக்கும் முறையை இம்மாதம் சிறிது ஆராய்வோம்.

நெசவாளர் நூலைத் தரம் பிரிக்கும்போது சாயத்தைப் பார்ப்பதில்லை, நம்பரையே பார்க்கிறார். அதுபோலவே உயிரினங்களைப் பிரிக்கவும் நிறம் உதவாது. உடலின் அமைப்பே அளவுகோலாகும். கணுக்கணுவாய் மடங்கும் கால்களும், கடினமான புறத்தோலும் உடையவை ‘கணுக்காலிகள்’ எனப்படும். அவற்றுள் நான்கு வகுப்புகளை நாம் அறிதல் வேண்டும்.

1. பூச்சிகள்: தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகள், ஆறு கால்கள், ஓர் இணை உணர்கொம்புகள். வண்டு, எறும்பு, அந்துப்பூச்சி இவ்வகை.

2. சிலந்தி வகுப்பு: எட்டுக் கால்கள், உணர்கொம்பும் சிறகும் இல்லை. தேளும் உண்ணியும் இதைச் சேர்ந்தவை.

3. நண்டு, இறால்: இரண்டு இணை உணர்கொம்புகள் உடையவை.

4. பூரான், மரவட்டை: நீண்ட உடலின் பெரும்பாலான கணுக்களிலும் கால்கள் உடையவை.

சிலந்தியைப் பூச்சி என்பது நம் மக்களின் பிழை மட்டுமன்று. 1758-இல் சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயசும் சிலந்தியையும் நண்டையும் பூச்சிகளோடுதான் சேர்த்திருந்தார். பிரெஞ்சு அறிஞர் லாமார்க் 1801-இல் வெளியிட்ட நூலில் இவை தனித்தனி வகுப்புகளாயின.

இப்பிரிவினையால் விவசாயிக்கு என்ன பயன்? கத்தரி, வெண்டை இலைகளின் அடியில் நுண்ணிய நூலாம்படை கட்டிச் சாற்றை உறிஞ்சும் சிலந்திப்பேனைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வளர்ந்த பேனுக்கு எட்டுக் கால்கள் தெரியும். அது பூச்சியன்று, ஆகவே பூச்சிகளுக்கென்றே செய்த மருந்துகள் பலவற்றிற்கு அது மசிவதில்லை. அம்மருந்துகளால் பேனைத் தின்னும் பொறிவண்டுகள் மடிய, பேன் முன்னிலும் பெருகுவதுண்டு. நனையும் கந்தகம் போன்ற, பேனுக்குரிய மருந்தே இதற்கு ஏற்றது.

அடுத்து, பட்டுப்புழுவைக் காண்போம். அதற்குப் பதினாறு கால்கள் இருப்பதாகத் தோன்றும். முன்புறமுள்ள ஆறே கணுவுடைய மெய்க்கால்கள். ஏனையவை பற்றிக்கொள்ள உதவும் சதைக்கால்கள். எனவே அது பூச்சியே. பருத்திக் காய்ப்புழுவும் பட்டுப்புழுவும் அந்துப்பூச்சிகளின் இளம் பருவமே. இரண்டும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. ஜப்பானில் இஷிவாட்டா என்ற அறிஞர் 1901-இல் நோயுற்ற பட்டுப்புழுக்களில் ஒரு நுண்கிருமியைக் கண்டார். இன்று காய்ப்புழுவை ஒழிக்கத் தெளிக்கப்படும் ‘பி.டி.’ மருந்து அக்கிருமி இனத்திலிருந்தே செய்யப்படுகிறது. ஒருவர் பருத்திக்குத் தெளித்தது காற்றில் பறந்து அடுத்தவர் மல்பெரித் தோட்டத்தில் படிந்தால், அவ்விலையைத் தின்னும் பட்டுப்புழுக்களும் மடியக்கூடும். ஒரு குடும்பத்தின் கூட்டுக் காசு அத்தோடு போயிற்று.

ஆகவே அங்கத்தினர்களே, தெளிப்பதற்கு முன் அண்டை நிலத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மருந்து வாங்கப் புறப்படுமுன், கேடு செய்யும் உயிரை ஒரு சீசாவில் பிடித்து வைத்து அதன் கால்களை எண்ணுங்கள். எண்ணுவதற்குச் செலவு ஏதுமில்லை.